நாற்பது ஆணிப் பலகையும் ஒரு குரங்கும்

இன்னும் கொஞ்சம் பக்கத்துல வந்து உட்காருங்க தம்பி. அந்தத் தூணைத் தாண்டி உட்காரக் கூடாது. இந்தத் தகரக் கூரைக்கு அடியில இருக்கிற வரைக்கும் உங்க உசுருக்கு நான் பொறுப்பு. தூணைத் தாண்டிட்டா நீங்களாச்சு, வேட்டுல பறந்து வர்ற கல்லாச்சு. போன மாசம் ஒருத்தர் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஒரு எட்டு வெளியே வச்சாரு. ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா என்ன பண்றது, சொல்லுங்க.

கழுத்துல இருக்கிற பித்தளை வில்லையைக் கழட்டிக் குடுங்க. இருபத்தியாறு. இதோ, இருபத்தியாறாம் ஆணியில மாட்டியாச்சு. வீட்டம்மாவோட வில்லை? இருபத்தியேழு. சரி. இன்னும் அஞ்சு ஆணி காலியா இருக்குது. அருவியில குளிக்கப் போன பசங்களா இருக்கும். முதல் சங்கு ஊதியாச்சுல்ல, வந்துருவாங்க. அதுவரைக்கும் நீங்களும் எங்கேயும் போக முடியாது, நானும் எங்கேயும் போக முடியாது.

சரணாலயம்னு போர்டு போட்டிருக்கிற இடத்துல சுரங்கம் எப்படி வந்துச்சுன்னுதானே கேட்கப் போறீங்க? எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. சுரங்கம் முதல்ல வந்துச்சு, போர்டு அப்புறமா வந்துச்சு. எங்க அப்பன் காலத்துலேயே இங்க வெள்ளைக்கல் தோண்டிக்கிட்டிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் கவர்மெண்டுல, இந்தக் கடுக்காமலை பூராவும் கரடிக்கும் கடமானுக்கும் சொந்தம்னு எழுதி வச்சாங்க. இருக்கிற சுரங்கம் இருந்துட்டுப் போகட்டும், புதுசா ஒரு பாறையைத் தொடணும்னா தனியா பேப்பர் வாங்கணும், வேட்டு வைக்கிறதுன்னா பகல் ஒரு மணியிலருந்து ரெண்டு மணிக்குள்ள வச்சுக்கணும்னு ஏற்பாடு. ரெண்டு அடிச்சு ஒரு நிமிசம் போனாலும் பாரஸ்ட் கார்டு விசிலை ஊதிருவாரு. அன்னிக்கு வேட்டு கிடையாது.

மிருகங்களுக்கும் இது தெரியும், கேட்டுக்குங்க. முதல் சங்கு ஊதினதும் கடமான் கூட்டம் அந்த எதிர்ச் சரிவுல வரிசையா ஏறும். எனக்குச் சிரிப்பா வரும். ரெண்டு நாளா காட்டுக்குள்ள முள்ளுல கிழிச்சுக்கிட்டு அலைஞ்சு ஒரு மானையும் பார்க்காதவங்க, இங்க சும்மா உட்கார்ந்துக்கிட்டு நாப்பது மானைப் பார்த்துட்டுப் போயிருக்காங்க.

இந்தப் பலகைதான் எல்லாத்துக்கும் தலைமை. நாப்பது ஆணி, நாப்பது வில்லை. பள்ளத்துக்குள்ள போற ஆளு யாரா இருந்தாலும், டிக்கெட் வாங்கின நீங்களா இருந்தாலும் மேனேஜரா இருந்தாலும், கழுத்துல வில்லை மாட்டாம இந்தத் தூணைத் தாண்டக் கூடாது. திரும்பி வந்தா வில்லை ஆணிக்கு வந்துரணும். நாப்பதும் நிறைஞ்சாத்தான் குழிக்குள்ள வெடிமருந்து. ஒண்ணு காலியா இருந்தாலும் கிடையாது. ஆளை எண்ணக் கூடாது, வில்லையைத்தான் எண்ணணும். ஒருகாலத்துல ஆளைத்தான் எண்ணினாங்க. ஒருத்தனையே ரெண்டு தடவை எண்ணிப்புட்டு வேட்டு வச்சாங்க. உள்ளே இருந்தவன் காலு போச்சு. அதுலருந்துதான் வில்லை வந்துச்சு.

எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸ். ஆனா இருபத்திரெண்டு வருசமா இந்தப் பலகை என் கையில. ஒருநாளும் தப்பினது கிடையாது. ஒரே ஒரு அஞ்சு நாளைத் தவிர. அதைச் சொல்றேன், கேளுங்க. அதுக்குக் காரணம் ஒரு குரங்கு.

அதோ, எதிர்ல நரி குந்தியிருக்கிற மாதிரி ஒரு பாறை தெரியுதுங்களா? அதுக்குப் பேரே நரிப்பாறை. அதுக்கு அடியில ஒரு ஊத்து. சித்திரை வெயில்லயும் கட்டை விரல் தண்டிக்குத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். சுரங்க ஆளுங்க இருக்கிற எங்க லைன் வீடு முப்பதுக்கும் அதுதான் தண்ணி. அதை விட்டா அடிவாரத்து ஆறு. அது ரெண்டு மைல் இறக்கம். போற வழியில கரடிப் புதர்.

என் மகன் குழந்தைவேலுக்குப் பொண்ணு கேட்டு வெள்ளோடைப்புதூருக்குப் போனேன். பொண்ணு பேரு ஜோதிமணி. பொண்ணோட அம்மா நஞ்சாயி, இப்ப என் சம்பந்தியம்மா, சம்பளம் எவ்வளவு, வீடு ஓடா சீட்டா, ஒண்ணுமே கேட்கலை. "தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் போகோணுமுங்க?"ன்னு கேட்டாங்க. அதோட விட்டாங்களா? கிளம்பி இங்கேயே வந்து அந்த ஊத்துல ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பார்த்தாங்க. நான் மீசையைத் தடவிக்கிட்டு, "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் உங்க பொண்ணு குடத்தோட இந்த ஊத்தைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டாள்"னு சொன்னேன். அப்புறம்தான் வெத்தலைத் தட்டை வாங்கினாங்க.

நல்லவங்க. வெகுளி. குழம்பு வைக்கிறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. உலக விவரம் மட்டும் கொஞ்சம் பத்தாது.

முதல் பிள்ளைப்பேறு அம்மா வீட்டுல நடந்துச்சு. ரெண்டாவது பிள்ளை இங்கேயே பிறந்துச்சு. என் சம்சாரம் போயி நாலு வருசம் ஆயிருந்தது. பத்தியம் வைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேணும்ல? மாசி பாதியில சம்பந்தியம்மா ஒரு துணிப்பையும் ஒரு உரலுமா வந்து இறங்கினாங்க. எங்க வீட்டு உரல் அவங்களுக்குச் சரிப்படாதாம்.

உங்களுக்குச் சம்பந்தி இருக்காங்களா தம்பி? இன்னும் இல்லையா? வரும்போது தெரியும். எங்க பக்கத்துல சம்பந்தின்னா சாதாரண விசயமில்லை. வந்தா எந்திரிச்சு நிக்கணும். "வாங்க"ன்னு வாய் நிறையச் சொல்லணும். நம்ம கையாலேயே தண்ணி மொண்டு சொம்புல குடுக்கணும், வேற ஆளைவிட்டுக் குடுக்கக் கூடாது. அவங்க பையில என்ன இருக்குதுன்னு பார்க்கக் கூடாது. எங்கே போனீங்கன்னு கேட்கக் கூடாது. அவங்க மனசு கோணிச்சுன்னா பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போயிருவாங்க. அதுக்கப்புறம் ஊர்ல நாலு பெரிய மனுசங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி நாம நிக்கணும்.

அவங்க தினமும் பகல் பன்னெண்டரைக்கு எனக்குச் சோறு கொண்டாருவாங்க, இந்தக் கொட்டகைக்கே. நான் எந்திரிப்பேன். "வாங்க சம்பந்தி." அவங்களை இந்த ஸ்டூல்ல, பலகைக்குப் பக்கத்துல உட்கார வச்சுட்டு, கொட்டகைக்குப் பின்னாடி இருக்கிற பானையில தண்ணி மொள்ளப் போவேன். மொண்டாந்து குடுப்பேன். குடிச்சுட்டு, "தேனாட்டம் இருக்குதுங்க உங்க ஊத்துத் தண்ணி"ம்பாங்க. எனக்கு நான்தான் அந்தத் தண்ணியைப் பண்ணி வச்ச மாதிரி பெருமையா இருக்கும்.

அந்தச் சமயத்துலதான் கம்பெனி நரிப்பாறைக்குப் பேப்பர் வாங்கிருச்சு. அந்தப் பாறையில கல்லு நல்ல வெள்ளையாம். மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் அனுமதி. அதுக்குள்ள வேட்டு வைக்கலைன்னா பேப்பர் செத்துப்போயிரும். மறுபடி வேணும்னா மேலிடத்துலருந்து ஆள் வந்து நேர்ல பார்த்துத்தான் குடுக்கணும். குழி போடறதுக்கே இருபத்தஞ்சாம் தேதி ஆயிருச்சு. குழி போட்டது யாருங்கறீங்க? என் மகன்தான். கூலிக்காரன் மாட்டேன்னு சொல்ல முடியுமா?

லைன் வீட்டுப் பொம்பளைங்க பத்துப் பேரு மேனேஜரைப் பார்க்கப் போனாங்க. மேனேஜர் பேரு ஞானசிகாமணி. கெட்டவரில்லை, சத்தம்தான் ஜாஸ்தி. "லாரியில தண்ணி விடறேன், போங்க போங்க"ன்னு அனுப்பிச்சுட்டாரு.

அன்னிக்கு மத்தியானம் சம்பந்தியம்மா சோறு போட்டுக்கிட்டே கேட்டாங்க.

"பாறை போனா ஊத்து என்னாகுமுங்க?"

"ஊத்துப் போயிரும். கம்பெனி லாரியில தண்ணி வருமுங்க."

"மழைக்காலத்துல லாரி இந்த மலைரோட்டு மடக்கு ஏழும் ஏறுங்களா?"

"ஏறாதுங்க."

"அப்ப?"

"அப்பத்தான் மழைத்தண்ணி இருக்குமே!"

சட்டுன்னு தோணிச்சு, சொல்லிட்டேன். சம்பந்தியம்மா கரண்டியைத் தூக்குக்குள்ள போட்டாங்க. "நல்லாத்தான் யோசிச்சு வச்சிருக்கீங்க"ன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். அவங்க வாயால நல்ல வார்த்தை வாங்கறது லேசுப்பட்ட காரியமில்லை.

அப்புறம் பலகையைப் பத்திக் கேட்டாங்க. சும்மாதான் கேட்டாங்க, பொழுது போகணும்ல.

"ஒரு ஆணி காலியா இருந்துச்சுன்னா?"

"வேட்டு கிடையாதுங்க."

"ரெண்டு மணி தாண்டிருச்சுன்னா?"

"அன்னிக்குக் கிடையாது."

"முப்பத்தொண்ணு தாண்டிருச்சுன்னா?"

"கம்பெனி கையை விரிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"ஐயோ பாவம். உங்களுக்கு எம்புட்டுப் பொறுப்பு!"ன்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தினாங்க. என் கஷ்டம் என் மகனுக்குக்கூடத் தெரியாது தம்பி. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுது.

இருபத்தியாறாம் தேதி. முதல் சங்கு ஊதியாச்சு. வந்திருந்தவங்க எல்லாம் கொட்டகைக்கு வந்துட்டாங்க. சம்பந்தியம்மா வந்தாங்க, எந்திரிச்சேன், தண்ணி குடுத்தேன், அவங்க போயிட்டாங்க. ரெண்டாம் சங்குக்கு முன்னாடி பலகையைத் தடவிப் பார்க்கிறேன். இருபத்திமூணாம் ஆணி மொட்டையா நிக்குது!

மேனேஜர் ஓடியாந்தாரு. "யோவ் நாச்சிமுத்து, ஆளுங்க எல்லாம் கண்ணு முன்னாடி நிக்கிறாங்களேய்யா! வில்லைதானே காணோம்? வைக்கச் சொல்லு வேட்டை!"

"ஐயா, சட்டம் ஆளை எண்ணலை, வில்லையைத்தான் எண்ணுது"ன்னேன்.

பாரஸ்ட் கார்டும் தலையை ஆட்டினாரு. தேடினோம் தேடினோம், ரெண்டு மணி ஆயிருச்சு. சாயங்காலம் அந்த வில்லை எங்கே இருந்துச்சுங்கறீங்க? ஊத்துக்குப் போற வழியில, நெல்லி மரக் கிளையில தொங்குது. சம்பந்தியம்மாதான் பார்த்துச் சொன்னாங்க. அந்தம்மாவுக்குக் கழுகுக் கண்ணு.

இருபத்தியேழாம் தேதி ஒன்பதாம் ஆணி காலி. அதே மாதிரி ரெண்டு மணி அடிச்சுது, வேட்டு இல்லை. சாயங்காலம் அந்த வில்லை துணி காயப்போடற கொடியில தொங்கிச்சு. அதையும் சம்பந்தியம்மாதான் கண்டுபிடிச்சாங்க.

நான் உட்கார்ந்து யோசிச்சேன். மரக்கிளையிலயும் கொடியிலயும் தொங்கவிடற சாதி எது? மனுசனா செய்வான்? பளபளன்னு இருக்கிற சாமானை எடுக்கிறது எது? குரங்கு! கண்டுபிடிச்சுட்டேன். சம்பந்தியம்மாகிட்ட மெதுவாச் சொன்னேன். அவங்க கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, "அட, அதானுங்களா! நேத்து ஒரு நொண்டிக் குரங்கு பலகைகிட்ட குந்தியிருந்துச்சு. நான் சும்மா இருக்குதாக்கும்னு விட்டுட்டேன். வாலு நுனி வெள்ளையா இருந்துச்சுங்க"ன்னாங்க. பார்த்தீங்களா? சாட்சியே கிடைச்சுப்போச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, வேட்டு வைக்கிறதில்லை. நானும் என் மகனும் நாள் பூராவும் கவட்டையும் கல்லுமா நொண்டிக் குரங்கைத் தேடினோம். நொண்டாத குரங்கு அறுபது பார்த்தோம். நொண்டி ஒண்ணுகூட அகப்படலை. அது அவ்வளவு சூட்சுமமான குரங்கு.

திங்கக்கிழமை மேனேஜர் பலகைக்குக் கம்பிவலைக் கதவு போட்டுப் பூட்டும் போட்டுட்டாரு. சாவி என் அரைஞாண் கயித்துல. அன்னிக்குன்னு பார்த்து ரெண்டு வேன் ஆளுங்க வந்துட்டாங்க, நாப்பது வில்லையும் அவங்க கழுத்துக்குப் போயிருச்சு. திரும்பி வரும்போது ஒரே தள்ளுமுள்ளு. சம்பந்தியம்மாவுக்குத்தான் மனசு கேட்கலை. "நீங்க ஒத்தை ஆளு, எப்படிச் சமாளிப்பீங்க? நான் வில்லையை வாங்கி வாங்கிக் குடுக்கறேன், நீங்க மாட்டுங்க"ன்னு முந்தானையை விரிச்சு நின்னாங்க. எத்தனை சம்பந்தி இப்படி வந்து ஒத்தாசை பண்ணுவாங்க, சொல்லுங்க. எல்லாத்தையும் மாட்டிப் பூட்டிட்டு எண்ணினா முப்பத்தொன்பது.

"பூட்டினப்புறம் குரங்கு எப்படிய்யா வந்துச்சு?"ன்னு மேனேஜர் குதிச்சாரு.

"பூட்டறதுக்கு முன்னாடியே வந்திருக்குமுங்க"ன்னேன். யோசிக்க வேண்டாமா? பெரிய படிப்புப் படிச்சவங்க.

அன்னிக்கு வில்லை மேனேஜர் ஜீப்போட கண்ணாடியில தொங்கிச்சு. குரங்குக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க!

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கண்டிசன் போட்டுட்டாரு. பத்துப் பேருக்கு மேலே உள்ளே விடக்கூடாது, சாவி அவர் பாக்கெட்டுல, பலகைக்குப் பக்கத்துல என்னைத் தவிர ஈ காக்கா வரக்கூடாது. ஒன்பது பேருக்கு வில்லை குடுத்தேன். பத்தாவது ஆளா சம்பந்தியம்மா வந்து நிக்கிறாங்க! "எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறாங்க. நான் ஒரு மாசமா இங்க கிடக்கிறேன், இந்தக் காட்டைச் சுத்தி ஒருநாள் பார்த்தது இல்லீங்க"ன்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. என் பணத்துல டிக்கெட் எடுத்து, அஞ்சாம் நம்பர் வில்லையை என் கையாலேயே குடுத்து அனுப்பிச்சேன்.

முதல் சங்கு ஊதுச்சு. ஒன்பது பேரு வந்துட்டாங்க. சம்பந்தியம்மாவைக் காணோம். கரடியா, பள்ளமா, என்னன்னு நினைக்கிறது? என் மகன் ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், "சம்பந்தீ, சம்பந்தீ"ன்னு காடே எதிரொலிக்குது. ரெண்டே கால் மணிக்கு மடி நிறைய நெல்லிக்காயோட மெதுவா நடந்து வர்றாங்க. "ஒரு மலையணிலுங்க, இம்மாந் தண்டி வாலு! பார்த்துக்கிட்டே நின்னதுல பொழுது போனதே தெரியலீங்க. சங்கு ஊதிச்சுங்களா என்ன?"

மேனேஜர் என்னைப் பேசின பேச்சு இருக்குதே, அதையெல்லாம் உங்க வீட்டம்மா இருக்கும்போது சொல்லக் கூடாது. நான் அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்கலை. எப்படிக் கேட்கிறது? அதுவும் ஆசைப்பட்டுப் பார்க்கப் போனவங்களை.

முப்பத்தொண்ணாம் தேதி. கடைசி நாள். டிக்கெட்டே கிடையாதுன்னு கேட்டைச் சாத்திட்டாரு மேனேஜர். உள்ளே ஒரு ஆளு இல்லை. நாப்பது வில்லையும் நாப்பது ஆணியில மின்னுது. கம்பிவலை பூட்டியிருக்குது. மேனேஜர் எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாரு: "நாச்சிமுத்து, இன்னிக்கு நீ இந்த ஸ்டூலை விட்டு எந்திரிச்சே, உன் வேலை போச்சு. யாரு வந்தாலும் சரி, உன் மாமனாரே வந்தாலும் சரி. புரியுதா?"

"சரிங்கய்யா"ன்னேன். மாமனார் செத்து இருபது வருசமாச்சுன்னு சொல்லலை.

பன்னெண்டரை. சோத்துத் தூக்கோட சம்பந்தியம்மா வந்தாங்க. நான் எந்திரிக்கலை. எப்படி எந்திரிக்கிறது? உட்கார்ந்துக்கிட்டே, "வாங்க"ன்னேன். அதுவும் பாதிதான் வாயிலருந்து வந்துச்சு. தண்ணி மொள்ளப் போகலை. சம்பந்தியம்மா நின்னாங்க. பலகையைப் பார்த்தாங்க, பூட்டைப் பார்த்தாங்க, மேனேஜரைப் பார்த்தாங்க. கடைசியா என்னைப் பார்த்தாங்க. தூக்கைக் கீழே வச்சாங்க.

"உக்காந்துக்கிட்டே வாங்கன்னு சொல்ற வீட்டுல எனக்கென்ன வேலைங்க? நான் எங்க ஊருக்குப் போறேன்."

சொல்லிட்டு அந்தத் தூணைத் தாண்டிப் பள்ளத்துக்குள்ள இறங்கிட்டாங்க! வெள்ளோடைப்புதூருக்கு அது குறுக்குப் பாதை. விறுவிறுன்னு போறாங்க, திரும்பியே பார்க்கலை.

என் மருமக ஜோதிமணி முப்பது நாள் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தாள். "மாமா! எங்கம்மா கோவிச்சுக்கிட்டுப் போகுது! நீங்க கல்லாட்டம் குந்தியிருக்கிறீங்களே! எங்கம்மா போனா நானும் போறேன்!" பிள்ளை ஒரு பக்கம் கத்துது.

நான் மேனேஜரைப் பார்த்தேன். "ஐயா, நான் எந்திரிக்கலாங்களா?"

"என்னய்யா அந்தம்மா வேட்டு நேரத்துல உள்ளே போகுது! போய்க் கூட்டிக்கிட்டு வாய்யா!"

"எந்திரிச்சா வேலை போயிரும்னீங்க."

"எந்திரிச்சுத் தொலைய்யா!"

எந்திரிச்சேன். ரெண்டு எட்டு வச்சேன், நின்னேன். வில்லை! இருபத்திரெண்டு வருசத்துல வில்லை இல்லாம இந்தத் தூணை நான் தாண்டினதில்லை. "ஐயா, சாவி குடுங்க"ன்னேன். அவரும் பதட்டத்துல குடுத்துட்டாரு. பூட்டைத் திறந்து, என் ஒண்ணாம் நம்பர் வில்லையை எடுத்துக் கழுத்துல மாட்டினேன். சம்பந்தியம்மாவும் வில்லை இல்லாமத்தானே போயிருக்காங்க? அவங்களுக்கு ரெண்டாம் நம்பர் வில்லையையும் எடுத்துக்கிட்டேன்.

மேனேஜர் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "அதை ஏன்யா எடுத்தே! நிறைஞ்சிருந்த பலகையை ஏன்யா கலைச்சே!"

"சட்டம்ங்கய்யா"ன்னேன்.

கார்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. சிரிச்சாருன்னு சொல்றாங்க, நான் பார்க்கலை. ஆனா என் கடமையில நான் தவறலை தம்பி. அதை மட்டும் மேனேஜரே ஒத்துக்குவாரு.

அரை மைல்ல ஒரு பெரிய வேங்கை மரம். அதுக்கு அடியில சம்பந்தியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. கோவத்துல போறவங்க அவ்வளவு சீக்கிரம் உட்காருவாங்களா? கால்வலி போலிருக்குது, வயசாச்சுல்ல.

"இதைக் கழுத்துல போட்டுக்குங்க"ன்னு வில்லையை நீட்டினேன். உடனே வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. சரி, கோவம் பாதி போச்சுன்னு நினைச்சேன். எங்கே?

"தாலி கட்டின அன்னிக்குப் பந்தியில எனக்கு அப்பளம் வைக்கலை"ன்னு ஆரம்பிச்சாங்க.

"தப்புங்க சம்பந்தி."

"முதல் பிள்ளைக்குக் காது குத்தினப்போ, என் தம்பியைப் பார்த்து 'வந்துட்டியா'ன்னீங்க. 'வந்துட்டீங்களா'ன்னு கேட்கலை."

"தப்புங்க."

"போன பொங்கலுக்குக் குடுத்த சீலையில சாயம் போச்சு."

"அது கடைக்காரன் தப்பு... சரிங்க, என் தப்புங்க."

இப்படியே ஒவ்வொண்ணா வருது. மேலே சாயம், கீழே அப்பளம், நடுவுல என் மச்சான் ஒருத்தன் ஆறு வருசத்துக்கு முன்னாடி சிரிச்ச சிரிப்பு. அவங்க நிதானமாச் சொல்றாங்க, அவசரமே இல்லை. ஒவ்வொண்ணுக்கும் நான் கையெடுத்துக் கும்பிடறேன். மேட்டுலருந்து மேனேஜர் கையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறாரு. "நாச்சிமுத்து! மணி ஒண்ணே காலு! கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வாய்யா!" சம்பந்தி கையைப் பிடிக்கிறதா? அவரு பட்டணத்துக்காரரு, அவருக்கு என்ன தெரியும். என் மகனை அனுப்பிச்சாரு. அவன் பாதி தூரம் வந்து, மாமியார் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு, மடிச்சுக் கட்டின வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கிட்டு அங்கேயே நின்னுட்டான். மாமியாருக்கு எதிர்ல அவன் என்ன பேசுவான்?

இடையில சம்பந்தியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, அது மட்டும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "என் பொண்ணு ஊத்தைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டாள்னு சொன்னது யாருங்க?" நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "நான்தானுங்க"ன்னேன். அவங்க பேச்சை மறுபடி அப்பளத்துக்கே திருப்பிட்டாங்க.

அந்தப் பேப்பர் அன்னியோட செத்துப்போச்சுங்க. வைகாசியில மேலிடத்துலருந்து ஒரு அதிகாரியம்மா வந்து பார்த்தாங்க. ஊத்தையும் பார்த்தாங்க, விடியக்காலையில அங்க தண்ணி குடிக்க வந்த கடமான் காலடியையும் பார்த்தாங்க. இந்தப் பாறையை யாரும் தொடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. கம்பெனி இப்ப அந்தப்பக்கச் சரிவுல தோண்டுது. என் மருமக நாலு எட்டுல தண்ணி எடுத்துக்கிட்டு வர்றாள். லைன் வீட்டுக்காரங்க எல்லாரும் என்னைப் பார்த்து, "உங்க சம்பந்தியம்மா சௌக்கியமா, அடுத்து எப்ப வர்றாங்க?"ன்னு கேட்கிறாங்க. என்னை யாரும் சௌக்கியமான்னு கேட்கிறதில்லை. அவங்களை எதுக்குக் கேட்கணும்? புண்ணியமெல்லாம் அந்த நொண்டிக் குரங்குக்கும், வில்லை இல்லாம உள்ளே போகாத எனக்கும்ல சேரணும்? சரி, போகட்டும். வெகுளியான மனுசி, எல்லாருக்கும் பிடிக்கும்.

எங்கே விட்டேன்? வேங்கை மரம். அப்பளம், சாயம், சிரிப்பு எல்லாம் முடிஞ்சு, என் பாட்டன் காலத்து வரப்புத் தகராறுக்குப் போயிருந்தாங்க. அது அவங்க ஊர்த் தகராறுகூட இல்லை. அதுக்கும் மன்னிப்புக் கேட்டேன். மேட்டுல மேனேஜர் சத்தம் நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு கார்டோட விசில் ஒரு தடவை நீட்டி ஊதிச்சு. சம்பந்தியம்மா சொல்லிக்கிட்டிருந்த வரப்பைப் பாதியிலேயே விட்டுட்டாங்க.

"மணி என்னங்க சம்பந்தி?"

பார்த்தேன். "ரெண்டு அடிச்சு ரெண்டு நிமிசமுங்க."

"ஓகோ"ன்னாங்க. கழுத்துல இருந்த வில்லையைக் கழட்டி என் உள்ளங்கையில வச்சாங்க. எந்திரிச்சு, சீலையில ஒட்டியிருந்த சருகை ஒவ்வொண்ணாத் தட்டிவிட்டாங்க. "கோவம் தீந்துருச்சுங்க, வாங்க போலாம்"னு சொல்லிட்டு, எனக்கு முன்னால விறுவிறுன்னு மேடேற ஆரம்பிச்சுட்டாங்க.